வீட்டு வைஃபையில் அந்நியக் கருவி ஏதேனும் இருக்கிறதா? சரிபார்ப்பது எப்படி

ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை முதல்முறை திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் பதறித்தான் போகிறார்கள். ‘முராட்டா’ என்று ஒன்று, ‘எஸ்பிரெசிஃப்’ என்று மூன்று, பெயரே இல்லாமல் வெறும் எண்களோடு இரண்டு. வீட்டில் இருப்பதாக நினைத்தது நான்கு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி. பட்டியலிலோ 14 வரிகள். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த 14-ம் அதே வீட்டுக் கருவிகளாக இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு. அதற்காக ‘இருக்கும், இருக்கும்’ என்று விட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு வரியும் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். கொஞ்சம் பொறுமை இருந்தால் யாராலும் செய்யக்கூடிய வேலை இது.

பலரும் இதை எடுத்த எடுப்பிலேயே ஒரு ஸ்கேன் செயலியில் தொடங்குகிறார்கள். நம் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கு கையில் இல்லாதபோது, செயலி காட்டும் எல்லாப் பெயருமே அந்நியமாகத்தான் தெரியும். ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். போன், லேப்டாப், டிவி எல்லாம் உடனே நினைவுக்கு வந்துவிடும். மறந்துபோவது மற்றவைதான்: டிவியின் பின்னால் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், கேமரா, குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், கைக்கடிகாரம், வைஃபை உள்ள ஏசி, மேசை இழுப்பறையில் சார்ஜ் தீராமல் கிடக்கும் பழைய டேப்லட். சிக்னலை நீட்டிப்பதற்காக வைத்திருக்கும் எக்ஸ்டெண்டர்கூடப் பட்டியலில் தனி வரியாக வரலாம். போன வாரம் வந்த விருந்தாளிகளுக்கு பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள்தான் அடிப்படை. இதற்குப் பின்னால் வரும் எல்லாமே இதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைதான்.

இரண்டு முகவரிகள்

பட்டியலைப் படிக்க இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஒரு கருவி வைஃபையில் சேர்ந்ததும் ரவுட்டர் அதற்கு 192.168.1.7 என்பதுபோல ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. விடுதியில் தங்க வருபவருக்குக் கொடுக்கும் அறை எண் மாதிரி: இன்று 7, அடுத்த முறை 12 என்று மாறலாம். ஆகவே ஐபி முகவரியை வைத்து ஒரு கருவியை அடையாளம் காண முடியாது.

இன்னொன்று மேக் முகவரி. இது கருவியின் வைஃபை பாகத்துக்கு ஆலையிலேயே கொடுக்கப்படும் அடையாளம். இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்து எழுதப்பட்ட 12 குறிகள்; 0 முதல் 9 வரையான எண்களும், ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். இதன் முதல் பாதி தயாரிப்பாளருக்கு உரியது. எந்த நிறுவனத்துக்கு எந்த முன்பகுதி என்பதை ஐட்ரிபிள்ஈ என்ற பொறியாளர் அமைப்பு ஒதுக்கித் தருகிறது. அந்த ஒதுக்கீட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ரவுட்டர் பட்டியலில் ‘முராட்டா’ போன்ற பெயர்கள் வருவதும் இந்த முன்பாதியை வைத்துத்தான்.

பட்டியல் எங்கே இருக்கிறது?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பல வீடுகளில் அது திறந்துவிடும். திறக்காவிட்டால் போனின் வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரத்தைப் பாருங்கள். ‘ரவுட்டர்’ அல்லது ‘கேட்வே’ என்ற வரியில் இருக்கும் எண்தான் அந்த முகவரி. நுழைவதற்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, ரவுட்டரின் அமைப்புகளையே மாற்ற உதவும் தனி பாஸ்வேர்டு. உள்ளே போனதும் இணைந்த கருவிகள், கிளையன்ட் பட்டியல், டிஎச்சிபி பட்டியல் என்று ஏதாவது ஒரு பெயரில் நாம் தேடுவது இருக்கும். தனி செயலி உள்ள ரவுட்டர் என்றால் வேலை இன்னும் சுலபம். முதல் திரையிலேயே எத்தனை கருவிகள் என்று காட்டிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். டிஎச்சிபி பட்டியல் என்பது ரவுட்டர் ஐபி முகவரி கொடுத்த கருவிகளின் பதிவேடு. கொடுத்த முகவரிக்கு ஒரு தவணை உண்டு. பல வீட்டு ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். நேற்று மாலை வந்து போன நண்பரின் போன் இன்று காலையும் அதில் தெரியலாம். இப்போது இணைந்திருப்பவை வேறு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

ஒரு பட்டியலைப் படித்துப் பார்ப்போம்

ஓர் உதாரணம். நாம் எழுதிய தாளோடு ஒப்பிட்டுத் தெரிந்தவற்றையெல்லாம் அடித்துவிட்ட பிறகு ஐந்து வரிகள் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது ‘எஸ்பிரெசிஃப்’. இது ஷாங்காயைச் சேர்ந்த சிப் நிறுவனம். இதன் வைஃபை சிப்கள் ஸ்மார்ட் பல்பு, பிளக், சுவிட்ச் போன்ற சின்னச் சின்னக் கருவிகளில் ஏராளமாக இருக்கின்றன. பல்பின் பெட்டியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பட்டியலிலோ உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் வந்து நிற்கும். மக்கள் அதிகம் பயப்படுவது இந்தப் பெயரைப் பார்த்துத்தான். வீட்டில் ஸ்மார்ட் பல்பு ஏதேனும் இருந்தால் அதன் சுவிட்சை அணைத்து, ஓரிரு நிமிடம் விட்டுப் பட்டியலைப் புதுப்பியுங்கள். வரி காணாமல் போனால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று.

இரண்டாவது ‘முராட்டா’. ஜப்பானிய நிறுவனம், மற்ற நிறுவனங்களின் கருவிகளுக்குள் பொருத்தும் வைஃபை பாகங்களைச் செய்கிறது. மூன்றாவது ‘ஹான் ஹாய்’. ஃபாக்ஸ்கான் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பல பிராண்டுகளுக்குக் கருவிகள் செய்துதரும் நிறுவனம் அது. இப்படிப்பட்ட பெயர்களைப் பார்த்தால் போன், லேப்டாப், பிரிண்டர், கேம் கன்சோல் எதுவாகவும் இருக்கலாம். பிராண்டு பெயரை எதிர்பார்த்துத் தேடுவதால்தான் நம் கருவியே நமக்கு அந்நியமாகிறது.

நான்காவது, ஏற்கெனவே அடையாளம் கண்ட லேப்டாப்பின் பெயரே மறுபடியும், ஆனால் வேறு மேக் முகவரியோடு. லேப்டாப்பைச் சில நேரம் வைஃபையிலும் சில நேரம் கேபிளிலும் இணைத்தால் இப்படித்தான் வரும். இரண்டு வழிக்கும் இரண்டு தனி பாகங்கள், அதனால் இரண்டு மேக் முகவரிகள்.

ஐந்தாவதுதான் சிக்கலானது. பெயர் இல்லை, தயாரிப்பாளர் விவரம் இல்லை. 72:48:09:31:65:80 என்று ஒரு முகவரி மட்டும்.

போன்கள் போடும் முகமூடி

இந்த ஐந்தாவது வரியைப் புரிந்துகொள்ளாமல் யாரும் சரியாகச் சரிபார்க்க முடியாது. இதைப் பற்றிப் பேசாத பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி வீணாகக் கவலைப்படுபவர்கள் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு போன் போகுமிடமெல்லாம் ஒரே மேக் முகவரியைக் காட்டினால், அந்த முகவரியை வைத்தே அதன் உரிமையாளர் எங்கெங்கே போகிறார் என்று பின்தொடர முடியும். அதைத் தடுக்க, 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லும் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14-லும் ஒரு மாற்றம் செய்தார்கள். போன் தன் ஆலை முகவரியை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வைஃபைக்கும் தானாக ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த முகவரியின் முன்பாதி எந்த நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டது அல்ல, ஆகவே ரவுட்டரால் தயாரிப்பாளர் பெயரைச் சொல்ல முடியாது. பட்டியலில் அது முகம் தெரியாத ஆளாக நிற்கிறது.

இதைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. மேக் முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6 அல்லது ஆங்கில எழுத்துகளான ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த முகவரி ஆலையில் கொடுத்ததில்லை, கருவியோ அதன் மென்பொருளோ உருவாக்கிக்கொண்டது. மேலே உள்ள உதாரணம் 72 என்று தொடங்குகிறது. இரண்டாவது குறி 2. ஆக, அது பெரும்பாலும் ஒரு போனாகவோ டேப்லட்டாகவோ இருக்கும். உங்களுடையதா, வேறு யாருடையதா என்பதை இது சொல்லாது. தேட வேண்டிய திசையைச் சொல்லும்.

அடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் விவரப் பக்கத்துக்குப் போங்கள். அந்த நெட்வொர்க்குக்காகப் போன் பயன்படுத்தும் முகவரி அங்கே இருக்கும். அதைத்தான் ரவுட்டர் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ‘போனைப் பற்றி’ பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒப்பிட்டால் பொருந்தாமல் போகலாம். அங்கே தெரிவது ஆலை முகவரியாக இருக்கும்.

பொதுவாக ஒரு போன் ஒரே வைஃபைக்கு அதே முகவரியைத்தான் வைத்துக்கொள்ளும். சில போன்களில் முகவரி அவ்வப்போது மாறும்படி வைக்கவும் வழி உண்டு. அப்படி வைத்திருந்தாலோ, போனை ரீசெட் செய்திருந்தாலோ, அதே போன் பழைய முகவரியில் ஒரு வரி, புதிய முகவரியில் ஒரு வரி என்று ரவுட்டரின் பதிவேட்டில் இரண்டு ஆளாகத் தெரியும்.

மிஞ்சியதை எப்படித் தீர்ப்பது?

இத்தனைக்குப் பிறகும் ஒரு வரி மிஞ்சினால், அணைத்துப் பார்ப்பதுதான் மிக நம்பகமான வழி. வீட்டிலுள்ள கருவிகளின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். பட்டியலைப் பார்க்கும் கருவி மட்டும் கடைசிவரை இருக்கட்டும். அதைக் கேபிளில் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எல்லாம் அணைந்த பிறகும் ஒரு கருவி இணைந்தபடியே இருந்து, டேட்டாவும் போய்க்கொண்டிருந்தால், அது நீங்கள் மறந்துபோன ஏதோ ஒன்று, இல்லையென்றால் அந்நியருடையது.

பல ரவுட்டர்களில் குறிப்பிட்ட ஒரு கருவியின் இணையத்தை மட்டும் நிறுத்தி வைக்கும் பொத்தான் உண்டு. சந்தேகப்படும் கருவியை நிறுத்திவிட்டு அரை நாள் பொறுத்துப் பாருங்கள். ‘கேமரா வேலை செய்யவில்லையே’ என்று வீட்டில் யாராவது கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

ரவுட்டரின் விளக்கு மினுக்குவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். யாருமே இணையாதபோதும் ரவுட்டர் தன் பெயரைச் சுற்றிலும் அறிவித்துக்கொண்டும், சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கோடு பேசிக்கொண்டும்தான் இருக்கும்.

செயலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபிங் போன்ற செயலிகள் வைஃபையில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்டு, பதில் வருவதை வைத்துப் பட்டியல் போடுகின்றன. படிக்க எளிது, புதிய கருவி சேர்ந்தால் அறிவிப்பு தரும் வசதியும் கிடைக்கும். ஆனால் உறக்கத்தில் இருக்கும் போன் பதில் சொல்லாமல் போகலாம். போதாததற்கு, புதிய ஐபோன், ஆண்ட்ராய்டு பதிப்புகள் மற்ற கருவிகளின் மேக் முகவரியைச் செயலிகள் படிக்க விடுவதில்லை. அதனால் போனில் கிடைக்கும் விவரம் அரைகுறையாகவே இருக்கும். விண்டோஸ் கணினி இருந்தால் நிர்சாஃப்ட்டின் ‘வயர்லெஸ் நெட்வொர்க் வாட்சர்’ என்ற இலவச மென்பொருள் இதைவிட நன்றாகக் காட்டும். எதைப் பயன்படுத்தினாலும் கடைசிச் சொல் ரவுட்டருடையதுதான். எல்லாக் கருவிகளும் அதன் வழியாகத்தானே போக வேண்டும். அப்புறம், இப்படி ஸ்கேன் செய்வதை உங்கள் சொந்த வைஃபையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்நியர்தான் என்று உறுதியானால்

இணையம் மெதுவாவது இதில் சின்னப் பிரச்சினை. உங்கள் வைஃபையில் இருந்து ஒருவர் செய்வதெல்லாம் வெளியுலகுக்கு உங்கள் வீட்டு இணைப்பின் முகவரியிலிருந்துதான் தெரியும். அவர் ஏதாவது குற்றம் செய்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். வங்கித் தளம் போன்றவற்றில் நீங்கள் செய்வதை எச்டிடிபிஎஸ் குறியாக்கம் பாதுகாக்கிறது, அதனால் அவரால் சுலபமாகப் படித்துவிட முடியாது. ஆனால் பாஸ்வேர்டு போடாமல் பகிர்ந்த ஃபோல்டர், பிரிண்டர், ஆலையில் வந்த பாஸ்வேர்டையே வைத்திருக்கும் கேமரா இவையெல்லாம் அவருக்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும்.

அந்த ஒரு கருவியை மட்டும் பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். பிளாக் செய்வது மேக் முகவரியை வைத்துத்தான். மேலே பார்த்தபடி, போன் தன் முகவரியை மாற்றிக்கொள்வது இன்று ஒரு செட்டிங்ஸ் தூரம். பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும்வரை அவர் வேறு முகமூடியோடு திரும்பி வரலாம். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதும் இதேபோலத்தான். பெயர் மறைந்திருந்தாலும் கருவிகள் இணையும்போது அது காற்றில் வெளிப்பட்டுவிடும்.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதுதான் தீர்வு. மாற்றிய உடனே எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்க வேண்டும். ஸ்மார்ட் பல்புகளுக்கு இது கொஞ்சம் சள்ளையான வேலைதான். ஆனால் அன்று பட்டியலில் சேரும் ஒவ்வொரு வரியும் உங்கள் கையால் இணைத்தது. இணைக்க இணைக்க, ரவுட்டர் பக்கத்திலேயே ‘ஹால் பல்பு’, ‘அம்மா போன்’ என்று பெயர் சூட்டிவிடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் அதற்கு இடம் தருகின்றன. அடுத்த முறை பெயர் சூட்டாத வரி வந்தால் கண்ணில் தானாகப் படும்.

புதிய பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்? வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். போன் எண், பிள்ளையின் பெயர், அகராதியில் உள்ள ஒற்றைச் சொல் எதுவும் வேண்டாம். 2004-ல் வந்து இன்றும் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில், ஒரு கருவி இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை ஒருவர் பக்கத்தில் இருந்து பதிவு செய்துகொண்டு போய், தன் கணினியில் லட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்க முடியும். பாஸ்வேர்டு சின்னதாக இருந்தால் அகப்பட்டுவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் இந்த முயற்சி பலிக்காது. 2018-ல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இந்த வழியையே அடைக்கிறது. ரவுட்டரில் அது இருந்தால் அதையும், பழைய கருவிகள் இருந்தால் இரண்டும் சேர்ந்த முறையையும் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் வீட்டு வைஃபையில் அந்நியர் நுழைய இப்படிப்பட்ட வித்தையெல்லாம் தேவைப்படுவதே அபூர்வம். பாஸ்வேர்டு கைமாறித்தான் போகிறது. போனில் வரும் வைஃபை க்யூஆர் குறியீட்டுக்குள் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக இருக்கிறது. அதை ஒருவர் படம் எடுத்து வைத்திருந்தால் போதும், அவர் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால் விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி, அதன் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். கெஸ்டில் சேர்பவர்களுக்கு இணையம் கிடைக்கும். உங்கள் பிரிண்டரும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாதபடி ரவுட்டர் பிரித்து வைக்கும்.

பாஸ்வேர்டு மாற்றியும் திரும்பி வந்தால்

அப்படியென்றால் வேறு ஏதோ வாசல் திறந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது டபிள்யூபிஎஸ். பாஸ்வேர்டு அடிக்காமல் கருவிகளை இணைக்க வந்த வசதி இது. ஒரு பொத்தானை அழுத்தலாம், அல்லது 8 இலக்கப் பின் எண்ணைக் கொடுக்கலாம். இந்தப் பின் எண்ணில் பெரிய ஓட்டை இருப்பதை ஸ்டெஃபான் வீபாக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரில் வெளியிட்டார். ரவுட்டர் எட்டு இலக்கங்களையும் ஒன்றாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கு சரியா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது, மீதியைத் தனியாகப் பார்க்கிறது. கடைசி இலக்கமும் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவதுதான். ஆகவே பத்துக் கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 10,000-மும் 1,000-மும் சேர்ந்து 11,000 முயற்சிகள் போதும். வைஃபை பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும், பின் எண் கிடைத்துவிட்டால் புதிய பாஸ்வேர்டும் அவர் கைக்குப் போய்விடும். டபிள்யூபிஎஸ்ஸை முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

அடுத்தது எக்ஸ்டெண்டர். சில எக்ஸ்டெண்டர்கள் தங்களுக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் வைத்திருக்கும். ரவுட்டரில் மாற்றிவிட்டு அதில் மாற்றாமல் விட்டால் பழைய பாஸ்வேர்டு அங்கே உயிரோடு இருக்கும்.

மூன்றாவது, ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு. ஸ்டிக்கரில் வந்ததையே வைத்திருந்தால், ஒருமுறை உள்ளே வந்தவர் அமைப்புகளைத் தன் வசதிக்கு மாற்றி வைத்திருக்கலாம். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியைத் திறந்தும் விட்டிருக்கலாம். இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ரவுட்டரை ஆலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள். அதற்கு முன்னால் இணையச் சேவைக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில இணைப்புகளுக்கு அதை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். ரீசெட் ஆனதும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளை) புதுப்பித்து, டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, கடைசியாகப் புதிய வைஃபை பாஸ்வேர்டை வையுங்கள். உங்கள் ரவுட்டருக்குத் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் தருவதையே நிறுத்திவிட்டார் என்றால், ரவுட்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.